கேப்டனின் மொட்டை

திருத்தணியிலிருந்து ஒரு விண்கலம் கிளம்பியது என்று சொன்னால் அரக்கோணத்துக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். 2007-இல் அது கிளம்பியது நிஜம். டொராண்டோவிலும் தோஹாவிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். இன்றைக்கு வெப் சீரிஸ் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு அந்தப் பெயரே ஊருக்குள் வந்திருக்கவில்லை. ‘தூரக்கோள் - இணையத் தொடர்’ என்று தணிகைவேல் எழுத்துப் போட்டபோது அவன் அம்மா அன்னம்மாள், “எந்த சேனல்ல வருது?” என்று கேட்டாள். எந்த சேனலிலும் வராது என்று தெரிந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

தணிகைவேல் கே.ஜி.கண்டிகைக்காரன். நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. வயலைப் பார்க்கச் சொன்ன அப்பாவுக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, திருத்தணி பஜாரில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருந்தான். கதையும் வசனமும் சுப்ரஜாவுடையவை. அவள் அப்பா அனந்தநாராயணன் மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் அதே அடுப்படியில் வெந்தவர்கள். சுப்ரஜா இயற்பியல் படித்துவிட்டு, தினமும் லோக்கல் ரயிலில் சென்னைக்குப் போய் ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கேப்டன் வேங்கையாக நடித்தவர் கஜபதி. பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர். தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு, சிங்கம் மாதிரி தலைமுடி. அந்த முடிக்காகத்தான் அவரைக் கேப்டன் ஆக்கினார்கள் என்பதைத் தணிகைவேல் மறைத்ததே இல்லை.

தறிக்கூடம்தான் விண்கலம். சுவரெல்லாம் தெர்மாகோல், அதன்மேல் ஜரிகைக் காகிதம். தறிகள் ஓடுகிற சத்தத்தைப் பதிவு செய்து கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் இன்ஜின் சத்தம் வந்துவிடும். ஒரு எபிசோடை இணையத்தில் ஏற்றுவதற்கு பிரவுசிங் சென்டரில் மத்தியானம் முழுக்க உட்கார வேண்டும். பாதி ஏறும்போது கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கலம் கிளம்புகிற காட்சிக்கு சுப்ரஜா, “பூமியை விட்டுப் போகிறோம்” என்று எழுதியிருந்தாள். கஜபதி அதைச் சொல்லவே மாட்டேன் என்றுவிட்டார். “கெளம்பும்போது போறோம்னு எவனாவது சொல்லுவானாம்மா? போய்ட்டு வர்றோம்னுதான் சொல்லுவேன்,” என்றார். அப்படியே சொன்னார். வெளிநாட்டில் இருந்தவர்கள் அந்த ஒரு வசனத்துக்கே உருகிப்போனார்கள்.

ஐந்தாவது எபிசோடின் கடைசியில் கலம் தூரக்கோளில் இறங்கும். கேப்டன் கதவைத் திறக்கக் கையை நீட்டுவார். அதோடு நிறுத்தியிருந்தார்கள். நடுவில் ஆடிக் கிருத்திகை வந்தது. ஊரே காவடியும் அரோகராவுமாக இருந்ததால் ஷூட்டிங்குக்கு லீவு. திருவிழா முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கல்குவாரியில் எல்லோரும் கூடினார்கள். கஜபதி வந்து முண்டாசை அவிழ்த்தார். உள்ளே மொட்டை; மழமழவென்று, சந்தனம் பூசி.

தணிகைவேல் கேமராவைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். “இன்னாண்ணா இது! கதவத் தொறக்கும்போது அவ்ளோ முடி இருந்துச்சி. வெளிய வந்தா மொட்டை. பாக்கறவன் காறித் துப்ப மாட்டானா?”

“பையனுக்கு வயசு ஒண்ணு ஆச்சிப்பா. மொத மொட்டை அவனுக்கு. கூடவே நானும் போட்டுக்கினேன், வேண்டுதலு. சாமிகிட்ட போயி, ஷூட்டிங் கீது, அப்பால வரேன்னு சொல்ல முடியுமா?”

திருத்தணியில் பிறந்துவிட்டு ஒருத்தன் மொட்டை போட்டதற்குக் கோபித்துக்கொண்டால் சோறு இறங்குமா? கூத்துக்காரர்களிடம் இரவல் வாங்கி ஒரு டோப்பாவை மாட்டிப் பார்த்தார்கள். கேப்டன் வேங்கை சோளக்கொல்லை பொம்மையாகிவிட்டார். தணிகைவேலுக்கு அழுகை வந்துவிட்டது.

சுப்ரஜா ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து புதுக் காட்சியைச் சொன்னாள். தூரக்கோளில் பொன் பொருளுக்கு மதிப்பில்லை. புதிதாக வருகிறவர்களிடம் அந்த மக்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்கள்: திரும்ப முளைக்கிற எதையாவது கொடுத்துவிட்டு உள்ளே வா. அதாவது, போனது திரும்ப வரும் என்று நம்புகிறவனுக்குத்தான் அந்த மண்ணில் இடம். ஹெல்மெட் போட்ட கேப்டன் பாறைக்குப் பின்னால் போகிறார். மொட்டையாக வெளியே வருகிறார். அப்புறம் கலத்தில் வந்த எல்லோரும் ஒவ்வொருவராகக் கொடுக்கிறார்கள்.

எல்லோரும் என்றால் எல்லோரும்தான். விமானியாக நடித்த தணிகைவேல் கேமரா முன்னாலேயே தலையைக் கொடுத்தான். இன்ஜினியராக நடித்த சுப்ரஜா, கோயிலில் பெண்கள் கொடுக்கிற பூமுடி மாதிரி சில கொத்துகளை வெட்டிக் கொடுத்தாள். “சினிமாக்கெல்லாம் முடி குடுப்பாளாடி?” என்று அவள் அம்மா ஜம்பகம் ஒரு வாரம் பேசவில்லை. ஆனால் ஆறாவது எபிசோட் ஓடிய ஓட்டம்! அதுவரை எட்டிப் பார்க்காத ஊர்களிலிருந்தெல்லாம் மெயில் வந்தது. மொட்டையோடு வெளியே வந்த கேப்டன் தலையை ஒருமுறை தடவிப் பார்ப்பார், கண்ணில் தண்ணீர் நிற்கும். என்ன நடிப்பு என்று எழுதினார்கள். யார் எழுதிய கதை என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அது சுப்ரஜாவுக்கு முள்ளாக உறுத்தியது. உறுத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கேட்டவர் ஒருவர் கடைசியில் வந்தார். சென்னையில் ஒரு பதிப்பகத்தில் எடிட்டராக இருந்த காமேஸ்வரி. தொடர் முடிந்த கொஞ்ச நாளில் ஸ்டுடியோவுக்குப் போன் செய்து, “இதை எழுதின பொண்ணு யாரு? நாவலா எழுதித் தரச் சொல்லுங்க,” என்றார். தணிகைவேல் ஸ்டுடியோவைப் பூட்டாமலே சுப்ரஜா வீட்டுக்கு ஓடினான். தன் பெயர் அட்டையில் இருக்கப்போகிற ஒரு புத்தகம்! சுப்ரஜா மறுநாள் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் சென்னைவரை நின்றுகொண்டே போனாள்.

போகும்போதும் வரும்போதும் ரயிலில் எழுதினாள். எல்லாக் கதையும் கையில் இருக்கிறது, எழுத வேண்டியதுதானே என்று நினைத்தாள். முதல் பிரதியைப் படித்துவிட்டு காமேஸ்வரி பதிப்பகத்துக்கு வரச் சொன்னார். காபி வந்தது, கூடவே திட்டும் வந்தது.

“‘கதவு திறந்தது. வெளிச்சம் வந்தது. வேங்கை திரும்பிப் பார்த்தான்.’ இது நாவல் இல்ல சுப்ரஜா. படம் பாத்துட்டு வந்தவ பக்கத்து வீட்டுல சொல்ற கதை. வீடியோல அவர் மூஞ்சி எல்லாத்தையும் பாத்துக்கிச்சு. இங்க மூஞ்சி கிடையாது. அது செஞ்ச வேலையையும் நீங்கதான் செய்யணும்.”

சுப்ரஜாவுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அந்த அம்மாள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப ஆரம்பித்தாள். கேமராவால் முடியாததையெல்லாம் எழுத்தால் செய்யலாம் என்பது அப்போதுதான் பிடிபட்டது. வீடியோவில் கலத்துக்கு வாசனை கிடையாது. நாவலில் தறி எண்ணெய் வாடை அடித்தது. வீடியோவில் யாரும் சாப்பிட்டதில்லை. நாவலில் அவள் ஒரு சமையலறையே கட்டினாள். எடையே இல்லாத இடத்தில் ஆவி மேலே போகாது, நுரை பானையோடு ஒட்டிக்கொள்ளும், அங்கே சோறு வடிப்பது எப்படி என்று ஒரு அத்தியாயம். அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். அனந்தநாராயணன் கேட்டு முடித்து, “ஆவி மேல போகலேன்னா மூடியைத் தூக்கிப் பாக்கவும் பயமா இருக்குமேடி,” என்று நிஜமாகவே கவலைப்பட்டார். மறுநாள் மடைப்பள்ளியில் எல்லோரிடமும் இதைச் சொல்லி, தன் பெண் எழுதியது என்று சேர்த்துக்கொண்டாராம்.

இரண்டாவது பிரதியை காமேஸ்வரி ஒரே மூச்சில் படித்தார். சமையலறையைக் கொண்டாடினார். “போய்ட்டு வர்றோம்” வசனத்தைப் பின்னட்டையில் போடலாம் என்றார். ஒரே ஒரு இடத்தில் மட்டும் பேனாவை ஊன்றி நின்றுவிட்டார்.

“இந்த மொட்டை அத்தியாயம். வீடியோல உங்களுக்கு வேற வழியில்ல, அந்த மனுஷன் மொட்டை போட்டுட்டு வந்து நின்னாரு. சரி. இங்க உங்களை யாரு கட்டாயப்படுத்தினா? கேட்டாங்களாம், உடனே குடுத்தானாம். வேங்கை ஏன் குடுக்கறான்? அவ்வளவு கர்வம் பிடிச்ச ஆளு, தலை குனியற மாதிரி அவனுக்கு உள்ள என்ன இருக்கு? எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?”

சுப்ரஜா தாள்களைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினாள்.

“ஒண்ணு, இதை எடுத்துட்டு அங்க ஒரு சண்டை வையுங்க. இல்ல, இதை நான் நம்பற மாதிரி எழுதுங்க. தீபாவளி முடிஞ்சதும் அச்சுக்குப் போகணும். இந்த அத்தியாயம் இப்படியே இருந்தா புத்தகம் வராது. நான் விடமாட்டேன்.”

அன்றைய ரயிலில் சுப்ரஜா கொதித்தாள். எங்கள் ஊர் வழக்கம் இந்த அம்மாளுக்கு எங்கே புரியப்போகிறது என்று திருவள்ளூர் வரைக்கும் திட்டிக்கொண்டு வந்தாள். அதற்கப்புறம் திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. கேள்வி நியாயமானது. வீட்டுக்கு வந்து சண்டைக் காட்சியை எழுதினாள். ஒளிவாள், வெடி, ஓட்டம். தண்ணீர் பட்ட பாடாக வந்தது. படித்துப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய சண்டை. அந்தக் கோளில் இறங்கியவர்களுக்கு ஊர் பேர் எதுவும் இல்லை. அச்சாகிவிடும், அட்டையில் பெயர் வரும். ஆனால் அந்தப் பெயரைப் பார்க்கத் தனக்கே வெட்கமாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஸ்டுடியோவுக்குப் போய் ஆறாவது எபிசோடைப் போடச் சொன்னாள். கஜபதி பாறையைச் சுற்றிக்கொண்டு வந்தார். தலையைத் தடவினார். கண்ணில் தண்ணீர்.

“இந்த ஷாட்டுக்குத்தான் தோஹாலர்ந்து மெயில் வந்துச்சி,” என்றான் தணிகைவேல் பெருமையாக.

“தணிகை, நான் இதை எழுதவே இல்லையே. ‘வேங்கை வெளியே வருகிறான்’னு மட்டும்தானே எழுதினேன்?”

“ஆமா. அதுவா வந்துச்சி. கேமரா ஓடிகினு இருந்துச்சி, எடுத்துக்கினேன்.”

கேமரா எடுத்துக்கொண்டது. யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. அந்தக் கண்ணீர் வேங்கையுடையது இல்லை, கஜபதியுடையது. அதற்குக் காரணம் என்ன என்று தெரியாமல் அவளால் அதை எழுத முடியாது. எழுதுகிறவள் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று சுப்ரஜா முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பள்ளிப்பட்டுக்குப் போனாள். கஜபதி தறியை நிறுத்திவிட்டு வந்தார். அவர் மனைவி பாஞ்சாலி ஓரமாக உட்கார்ந்து தறிக்கு வேண்டிய நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். பையன் நூல் கூடையைக் கவிழ்த்துப்போட்டு விளையாடிக்கொண்டிருந்தான். சுப்ரஜா சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“அண்ணா, அன்னிக்கு மொட்டையோட வந்து நின்னீங்களே, ஏன் அழுதீங்க? புத்தகத்துல எழுதணும். நீங்க சொன்னாத்தான் எழுதுவேன்.”

கஜபதியின் முகம் மாறிப்போனது. “வேண்டுதலுன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா.”

“பையனுக்கு மொட்டை போட்டா அவனுக்கு வேண்டுதல் தீந்துடுது. நீங்க எதுக்குப் போட்டீங்க?”

“அது வோணாம்மா. அது கதை இல்ல.” எழுந்து தறியை ஓடவிட்டார். அதற்குமேல் பேச்சு கேட்காதபடிக்குத் தறிக்கூடம் அதிர்ந்தது.

சுப்ரஜா தப்புச் செய்துவிட்டோமே என்று வெளியே வந்து செருப்பை மாட்டினாள். பாஞ்சாலி பின்னாலேயே வந்து அவள் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். புருஷனை அவள் பாவா என்றுதான் சொல்வாள்.

“இவனுக்கு முன்னாடி மூணு பொறந்துச்சிம்மா. மூணும் தங்கல. மொதலு பொண்ணு. தலை நெறைய முடியோட பொறந்துச்சி, அப்பிடியே பாவாவோட முடி. ரெண்டு நாளு இருந்துச்சி. அதுக்கப்புறம் ரெண்டு பசங்க, ஒரு நாளு, அரை நாளு. பேரு வெக்கல. எங்கூட்ல யாரும் அதுங்களப் பத்திப் பேசவே மாட்டாங்க. பேசினா இவனுக்கு ஆவாதுன்னு.”

சுப்ரஜா அவள் கையை விடவில்லை.

“எந்தக் கொழந்தைக்கும் மொத மொட்டை மலைமேல போடணும் இல்லியா? அதுங்களுக்குப் போடவே இல்லியே. இவனுக்குப் போடும்போது நான்தான் பாவாகிட்ட சொன்னேன், அதுங்களுக்கு நீ குடுத்துடுன்னு. அவரும் உக்காந்தாரு. அதான்மா விஷயம்.” பாஞ்சாலி மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “நீ எழுதும்மா. அதுங்க எங்கனா ஒரு எடத்துல இருக்கட்டும்.”

வருகிற வழியெல்லாம் சுப்ரஜா பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். எழுதுவதற்கு அவளுக்கு நான்கு நாளாயிற்று. நாவலில் கலம் பல வருஷம் பயணம் செய்கிறது. வழியில் வேங்கைக்கு மூன்று குழந்தைகள் பிறந்து, தங்காமல் போகின்றன. பேர் வைக்காத மூன்று. நான்காவதை மார்போடு கட்டிக்கொண்டு அவன் தூரக்கோளில் இறங்குகிறான். திரும்ப முளைப்பதைக் கொடு என்று கேட்கிறார்கள். முளைக்கவே நேரம் கிடைக்காதவர்களுக்காக அவன் தன் தலையைக் கொடுக்கிறான். கர்வம் பிடித்த வேங்கை குனிகிற இடத்தை எழுதும்போது, அவன் ஏன் குனிகிறான் என்பதில் அவளுக்குத் துளிக்கூடச் சந்தேகம் இருக்கவில்லை.

ஆனால் அதை காமேஸ்வரிக்கு அனுப்பவில்லை. ஒரு ஜெராக்ஸ் எடுத்து, தணிகைவேல் மூலமாகக் கஜபதிக்குக் கொடுத்தனுப்பினாள். ‘நீங்கள் சரி என்றால்தான் அனுப்புவேன்’ என்று மட்டும் மேலே எழுதியிருந்தாள். தீபாவளி வந்தது, போனது. காமேஸ்வரி இரண்டு முறை போன் செய்து, இரண்டாவது முறை குரலை உயர்த்தினார். தணிகைவேலுக்குப் பொறுக்கவில்லை. “பாஞ்சாலியக்காதான் சொல்லிட்டாங்களே. அனுப்பு, அப்பால பாத்துக்கலாம். எத்தினி மாசம் கஷ்டப்பட்டே!” என்று கத்தினான்.

“அவர் தலை, தணிகை,” என்றாள் சுப்ரஜா. புத்தகம் கை நழுவுகிறது என்று தெரிந்தேதான் சொன்னாள். ஆனாலும் தான் சொன்னது சரி என்கிற ஒரு நிமிர்வும் அவளுக்குள் இருந்தது.

அடுத்த நாள் காலை, ரயிலுக்குப் புறப்படுகிற நேரத்தில் கஜபதி ஸ்டேஷனிலேயே வந்து நின்றார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். ஜெராக்ஸ் கசங்கி, மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது.

“படிச்சேம்மா. நெறைய தபா படிச்சேன். ஒண்ணே ஒண்ணுதான். அவன் அழுவுறான்னு எழுதிக்கீறே. கண்ணுல தண்ணி வந்துச்சி, நெசந்தான். ஆனா அழுவிகினு குடுக்கலம்மா. எம் புள்ளைங்களுக்கு நான் குடுத்தேன். ஒரு அப்பன் செய்ய வேண்டியத செஞ்சேன். பெருமையாதான் இருந்துச்சி. அத மட்டும் மாத்தி எழுதிடு.”

ரயில் வந்தது. அரக்கோணம் தாண்டுவதற்குள் அந்த வரியை மாற்றி எழுதினாள். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு நேராகப் பதிப்பகத்துக்குப் போனாள். காமேஸ்வரி கோபமாகத்தான் கையை நீட்டினார். நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்தவர் நடுவில் உட்கார்ந்துகொண்டார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதுல நான் கை வைக்க மாட்டேன்,” என்றார். “ஒரு புள்ளிகூட.”

2009 ஜனவரியில் ‘தூரக்கோள்’ புத்தகமாக வந்தது. அட்டையில் சுப்ரஜாவின் பெயர் தள்ளி நின்று பார்த்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிது. சென்னையில் விழா வைப்பதாகப் பதிப்பகம் சொன்னது. முதலில் எங்கள் ஊரில்தான் என்று தணிகைவேல் ஒற்றைக் காலில் நின்று, பஜாருக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபம் பிடித்தான். காமேஸ்வரி ரயிலேறி வந்தார். அனந்தநாராயணன் மடைப்பள்ளி ஆட்களோடு வந்து, ஒரு அண்டா புளியோதரையை இறக்கினார். ஜம்பகம் மடிசார் கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்து, வருகிற போகிறவர்களிடமெல்லாம் அட்டையைக் காட்டினாள். சேனலில் வராததை மதிக்காத அன்னம்மாள்கூடப் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். அச்சில் வந்ததை அவள் மதித்தாள்.

சுப்ரஜா ஒரு ஓரமாக மேஜை போட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலிகளில் கஜபதியும் பாஞ்சாலியும் இருந்தார்கள். பையன் பாஞ்சாலியின் மடியில் தூங்கிவிட்டான். தட்டோடு வந்து உட்கார்ந்த அன்னம்மாள், பேச்சுக் கொடுக்கிற மாதிரி அவன் கன்னத்தைத் தொட்டாள்.

“ஒரே புள்ளையா உனக்கு?”

பாஞ்சாலி மடியிலிருந்த புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டாள். “இல்லம்மா. நாலு,” என்றாள். “மூணு இதுல கீது.”

அன்னம்மாளுக்குப் புரியவில்லை. நிமிர்ந்து கஜபதியைப் பார்த்தாள்.

“ஆங்,” என்றார் கஜபதி. “நாலு.”